செவ்வாயில் ஒரு திருவக்கரை உண்டா?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திருவக்கரை என்று ஓர் ஊர் இருக்கிறது. திண்டிவனத்துக்குத் தெற்கே, விழுப்புரத்துக்கு வடகிழக்கே, சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் மக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அதே ஊரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலியிட்டுக் காத்துவரும் பூங்கா ஒன்றும் உண்டு. பெயர் தேசியக் கல்மரப் பூங்கா. அங்கே போய்ப் பூச்செடிகளைத் தேடாதீர்கள். செம்மண் தரையில் பெரிய பெரிய மரத்துண்டுகள் விழுந்து கிடக்கும். அருகில் போய்த் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அவை மரமல்ல, கல்!

இக்கல்மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். சோனரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் 1781-ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார்.

செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய கட்டுரையில் திருவக்கரைக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேலை இருக்கிறது. செவ்வாயில் இறங்கிய இயந்திரங்கள் இன்று செய்துகொண்டிருக்கும் காரியமும், திருவக்கரையில் புவியியல் அறிஞர்கள் செய்த காரியமும் ஒன்றுதான். கல்லைப் பார்த்து, அங்கே முன்பு தண்ணீர் இருந்ததா, உயிர் இருந்ததா என்று கண்டுபிடிப்பது!

மரம் எப்படிக் கல்லாயிற்று?

ஒரு மரம் விழுந்தால் என்ன ஆகும்? கறையான் அரிக்கும், காளான் முளைக்கும், சில ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாகிவிடும். திருவக்கரை மரங்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. ஆற்று மணல் அவற்றை ஆழப் புதைத்துவிட்டது. காற்று புகாத இடத்தில் மரம் எளிதில் மக்குவதில்லை. மணலுக்குள் ஊறிய நிலத்தடி நீரில் சிலிகா என்னும் பொருள் சிறிதளவு கரைந்திருந்தது. மணலும் கண்ணாடியும் பெரும்பாலும் இந்தச் சிலிகாவால் ஆனவைதாம். அந்த நீர் மரத்தின் ஒவ்வோர் அணுவறைக்குள்ளும் புகுந்தது. சிலிகா அங்கே படிந்தது. நாளடைவில் மரப்பொருள் மறைந்து, அதன் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. ஆனால் வடிவம் அப்படியே நின்றது. கல்மரத்தை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நீர் ஏறிய குழாய்கள்கூடத் தெரியும். மரம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே கிடப்பவை வெறும் அடிமரத் துண்டுகள். கிளை இல்லை, இலை இல்லை, வேரும் இல்லை. அப்படியானால் மரங்கள் இங்கே நின்று வளர்ந்தவை அல்ல. வேறெங்கோ காட்டில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மோதி உடைந்து, இங்கே மணலில் புதைந்திருக்கின்றன. பார்த்தீர்களா? ஒரு காடு, ஒரு பெருவெள்ளம், ஓர் ஆறு, அதன் மணல், அந்த மணலில் ஊறிய நீர் எல்லாம் ஒரு கல்லுக்குள் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தால் போதும்.

கால்வாய்க் கனவு

இனி செவ்வாய்க்குப் போவோம். இது நம் பூமியின் குறுக்களவில் ஏறக்குறைய பாதி அளவே உள்ள கிரகம். சூரியனிலிருந்து சராசரியாக 22.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. அங்கே ஒரு நாள் நம் நாளைவிட 40 நிமிடம்தான் அதிகம். ஆனால் ஓர் ஆண்டு நம் கணக்கில் 687 நாள். 22 கிலோமீட்டர் உயரமுள்ள ஒலிம்பஸ் என்னும் எரிமலையும், 4,000 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கும் அங்கே உண்டு. காற்று மண்டலம் மிக மெல்லியது. அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கரியமில வாயு. (ஜாதகக் கட்டத்தில் செவ்வாய் இருக்கும் இடத்தைப் பார்த்துக் கல்யாணத்தை நிறுத்துகிறவர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் கிரகமோ துருப்பிடித்த பாறையால் ஆனது. நம் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது!)

1877-இல் இத்தாலிய வானநூலார் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கியில் செவ்வாயின் மீது கோடுகள் ஓடுவதைக் கண்டதாகச் சொன்னார். அவர் சொன்ன இத்தாலியச் சொல்லைச் சிலர் 'வெட்டிய கால்வாய்' என்று புரிந்துகொண்டார்கள். அமெரிக்கரான லோவல் ஒரு படி மேலே போய், அறிவுள்ள உயிர்கள் தங்கள் வறண்ட நிலத்துக்கு நீர் கொண்டுவர வெட்டிய வாய்க்கால்கள் அவை என்று புத்தகங்களே எழுதிவிட்டார். 1965-இல் மாரினர்-4 விண்கலம் அருகே பறந்து படம் பிடித்து அனுப்பியது. கால்வாயைக் காணோம்! வெறும் குழிகள். நிலாவைப் போல ஒரு செத்த உலகம் என்று பலரும் கைவிட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1971-இல் மாரினர்-9 போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. கலம் பொறுமையாகச் சுற்றிக் காத்திருந்தது. புழுதி அடங்கியதும் வந்த படங்களில் வறண்ட ஆற்றுப் படுகைகள் தெரிந்தன! ஆரோவில், பொம்மையார்பாளையம் பக்கம் போனவர்கள் கடலை நோக்கி இறங்கும் செம்மண் பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். சிறு ஓடைகள் ஒன்று சேர்ந்து பெரிய ஓடையாக, கிளைகள் கூடிய மரம்போல இறங்கும். மழைநீர் அறுத்த வேலை அது. கோடையில் அங்கே ஒரு சொட்டு நீர் இருக்காது. இருந்தாலும் பள்ளத்தைப் பார்த்தவுடனே நீர் ஓடியது என்று சொல்லிவிடுகிறோம். செவ்வாயின் பள்ளங்களும் அப்படித்தான் பேசின. அளவுதான் பெரிது, வயதும் பெரிது, 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

துருவும் உப்பும்

பள்ளம் மட்டும் சாட்சி சொன்னால் போதாது. காற்றும் எரிமலைக் குழம்பும்கூட நிலத்தை அறுக்கக்கூடியவை. கல்லுக்குள்ளேயே நீரின் கைரேகை வேண்டும். அந்தக் கைரேகைகளில் சில நம் மாவட்டத்திலேயே கிடைக்கின்றன.

முதலாவது சிவப்பு. வானூர்ச் செம்மண்ணின் நிறத்துக்கும் செவ்வாயின் நிறத்துக்கும் காரணம் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. செம்மண் மேடுகளில் இரும்பு மிகுந்த சிறு உருண்டைக் கற்களைப் பொறுக்கலாம். மண்ணுக்குள் இறங்கிய நீர் இரும்பைக் கரைத்து, வேறோர் இடத்தில் திரட்டி வைத்ததால் உண்டானவை. 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி, பாறையிலும் தரையிலும் மிளகளவு உருண்டைகள் இறைந்து கிடப்பதைக் கண்டது. அவையும் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு உருண்டைகள். நிலத்தடி நீர் ஊறாமல் அவை உண்டாகியிருக்க முடியாது என்பது விஞ்ஞானிகளின் முடிவு.

இரண்டாவது உப்பு. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் காயவைக்கிறார்கள். நீர் சுண்டும்போது அதிலுள்ள எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புப் பொருள், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகுதான் நாம் உண்ணும் உப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புகள் நிற்கும். இந்த வரிசை மாறாது. ஆகையால் ஓரிடத்தில் ஜிப்சம் கண்டால், உப்புநீர் சுண்டிய தடம் அது என்று சொல்லலாம். செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி 2011-இல் பாறை இடுக்கில் வெள்ளை நரம்புபோல ஓடிய ஜிப்சத்தைக் கண்டது. 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியும் கேல் என்னும் பெருங்குழியில் இதே வகைக் கால்சியம் சல்பேட் நரம்புகளைக் கண்டது. சுற்றுக்கலங்கள் மேலிருந்தே குளோரைடு உப்புப் படிவுகளைப் பல இடங்களில் குறித்திருக்கின்றன. செவ்வாயின் ஏரிகள் மெல்ல மெல்ல மரக்காணம் ஆகிக் காய்ந்திருக்கின்றன!

மூன்றாவது திருவக்கரை மரங்களைக் கல்லாக்கிய அதே சிலிகா. இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. ஸ்பிரிட் என்ற ஊர்திக்கு ஆறு சக்கரங்கள். அவற்றுள் ஒன்று நின்றுபோய்விட்டது. ஊர்தி அதை நொண்டிக் கால்போல இழுத்துக்கொண்டே நகர்ந்தது. 2007-இல் அந்த நின்றுபோன சக்கரம் மண்ணைக் கீறிச் சென்ற தடத்தில் வெள்ளையாக ஏதோ பளிச்சிட்டது. சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிலிகா! வெந்நீர் ஊற்றோ, சூடான நீராவியோ இல்லாமல் அவ்வளவு தூய சிலிகா சேர்வது அரிது. எல்லாச் சக்கரமும் ஒழுங்காக ஓடியிருந்தால் இது அகப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ஏரிச் சேற்றின் கறுப்பு

நீர் இருந்தது என்பது இப்போது உறுதி. உயிர் இருந்ததா? செவ்வாயில் கல்மரம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பூமியில் உயிர் தோன்றிய பிறகு மிக நெடுங்காலம் நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. மரங்கள் மிகவும் பிந்தி வந்தவை. செவ்வாயின் நீர்க்காலமோ குறுகியது. அங்கே உயிர் இருந்திருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிராகத்தான் இருந்திருக்கும்.

நுண்ணுயிர் கல்லில் என்ன தடம் விட்டுப் போகும்? இதற்கு நம் ஊர் ஏரிக்குள் இறங்கினால் போதும். மேலே செம்மண் கலங்கிய நீர். காலை ஆழமாகச் சேற்றில் விட்டால் அடியில் கறுப்புச் சேறு வரும். அழுகிய முட்டை நாற்றமும் கூடவே வரும். வயலில் பல நாள் நீர் நின்றாலும் செம்மண் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை விவசாயிகள் அறிவார்கள். காரணம் நுண்ணுயிர்களே. காற்றில்லாத சேற்றில் அவற்றுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாகத் துருவையும் சல்பேட்டையும் பயன்படுத்திச் சக்தி பெறுகின்றன. நாம் காற்றைச் சுவாசிப்பதுபோல அவை துருவைச் 'சுவாசிக்கின்றன' என்று சொல்லலாம். அப்போது சிவப்புத் துரு மறைகிறது. கறுப்பான இரும்பு சல்பைடு உண்டாகிறது.

2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி ஜெசரோ என்னும் 45 கிலோமீட்டர் அகலக் குழியில் இறங்கியது. முன்பு அது ஓர் ஏரி. ஓர் ஆறு அதற்குள் பாய்ந்து வண்டல் கொட்டியிருக்கிறது. 2024 ஜூலையில், அந்தப் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், மேசை அளவுள்ள ஒரு சிவந்த சேற்றுப் பாறையை ஊர்தி கண்டது. அதன் மேல் சிறுத்தைப்புலியின் தோலில் இருப்பதுபோலப் புள்ளிகள்! ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர். நடுவில் வெளிறி, விளிம்பில் கறுத்து இருந்தன. அந்தப் பாறையில் கரிமப் பொருள்கள் இருந்தன. புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்பைடும் இருப்பதாகக் கருவிகள் காட்டின. நம் ஏரிச் சேற்றின் வேதியியலேதான்.

அப்படியானால் உயிர் கிடைத்துவிட்டதா? அவசரப்படக் கூடாது. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை, 'உயிரின் தடமாக இருக்கக்கூடும்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. நுண்ணுயிர் இல்லாமலே, வெறும் வேதி மாற்றத்தாலும் இத்தகைய பொருள்கள் உண்டாகலாம். விஞ்ஞானிகள் ஒருமுறை சூடு கண்டவர்கள். 1976-இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணில் சத்து நீரைச் சொட்டியபோது, ஒரு சோதனையில் வாயு குபீரென்று வெளிப்பட்டது. உயிர்தான் என்று சிலர் நினைத்தார்கள். ஆனால் மண்ணில் உயிருக்கு வேண்டிய கரிமப் பொருளே காணப்படவில்லை. மண்ணின் வேதிக் குணமே அந்த வாயுவுக்குக் காரணம் என்று பெரும்பாலோர் முடிவுகட்டினார்கள்.

புள்ளிப் பாறையிலிருந்து சாக்பீஸ் பருமனுள்ள ஒரு துண்டைத் துளைத்தெடுத்து, குழாயில் அடைத்து, ஊர்தி வைத்திருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்த்தால்தான் வழக்கு தீரும். கொண்டுவரும் அமெரிக்கத் திட்டமோ பெருஞ்செலவு காரணமாகத் தடுமாறியது. சீனா வேறோர் இடத்திலிருந்து மாதிரி எடுத்துவர 2028 வாக்கில் கலம் அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது.

நீர் எங்கே போயிற்று?

செவ்வாய் சிறிய கிரகம். அதன் உள்வயிறு விரைவில் ஆறிவிட்டது. ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் காந்தப் புலமும் அணைந்தது. அதன்பின் சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்றுக்குத் தடுப்பில்லை. காற்று மண்டலம் சிறிது சிறிதாக விண்வெளிக்குக் கசிந்தது. காற்றழுத்தம் குறையவே நீரும் நிலைக்கவில்லை. ஒரு பகுதி ஆவியாகித் தப்பியது. மீதி பாறைகளுக்குள்ளும் துருவப் பனியிலும் நிலத்தடிப் பனிக்கட்டியிலும் அடங்கியது. இந்தக் கசிவை அளக்கவென்றே போன அமெரிக்காவின் மேவன் கலமும் நம் மங்கள்யானும் 2014 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் செவ்வாயை அடைந்தன. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய மங்கள்யானுக்கு ஆன செலவு 450 கோடி ரூபாய். அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர். 2022 வரை அது உழைத்தது.

விழுப்புரத்து மாணவர்கள் இந்த இடத்தில் இன்னொரு பெயரை எதிர்பார்ப்பீர்கள். ஆம், 2023 ஆகஸ்டு 23 அன்று நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் உங்கள் ஊர் ரயில்வே பள்ளியில் படித்தவர்தான். நிலாவில் இறங்க ராக்கெட் போதும்; அங்கே காற்று இல்லை. செவ்வாயிலோ கலத்தைச் சுட்டெரிக்கும் அளவுக்குக் காற்று உண்டு, பாரசூட்டில் மெதுவாக இறக்கும் அளவுக்கு இல்லை. வெப்பக் கவசம், பாரசூட், ராக்கெட் மூன்றும் வேண்டும்.

மனிதன் குடியேறலாமா?

50 கிலோ எடையுள்ள நீங்கள் அங்கே 19 கிலோதான் இருப்பீர்கள். துள்ளிக் குதிக்கலாம், விண்வெளி உடை போட்டிருந்தால்! காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரை வெளியே வைத்தால் ஒரே சமயத்தில் கொதிக்கவும் உறையவும் தொடங்கும். சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி.

மூச்சுக்கு என்ன செய்வது? பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த ஒரு சிறு கருவி, செவ்வாயின் கரியமில வாயுவைப் பிரித்துப் பிராணவாயு செய்து காட்டியது. பதினாறு முறை ஓடி மொத்தம் 122 கிராம். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 840 கிராம் தேவை. கணக்குப் போடுங்கள், மூன்றரை மணி நேரத்துக்குக் காணும்! ஆனாலும் முடியும் என்று தெரிந்ததே பெரிய காரியம்.

கதிரியக்கம் அதைவிடக் கடினமான சிக்கல். கியூரியாசிட்டி அளந்தபடி, செவ்வாயின் தரையில் நாலே நாளில் ஒருவர் பெறும் கதிரியக்கம், பூமியில் ஓர் ஆண்டு முழுவதும் இயற்கையாகப் பெறுவதற்குச் சமம். ஆகவே வீட்டை மண்ணுக்கு அடியில்தான் கட்ட வேண்டும். அந்த மண்ணிலும் வில்லங்கம் உண்டு. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் அதில் அரை சதவீதம் அளவுக்குப் பெர்குளோரேட் என்னும் உப்பைக் கண்டது. தைராய்டு சுரப்பிக்கு ஆகாத பொருள் அது. கழுவாமல் அந்த மண்ணில் கத்தரிக்காய் பயிரிட்டு உண்ண முடியாது. போக ஏழெட்டு மாதம். திரும்ப நினைத்தாலும் கிரகங்கள் வாகாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

இவையெல்லாம் பொறியியல் சிக்கல்கள். பணமும் காலமும் கிடைத்தால் தீரலாம். தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். நம் ஒவ்வொருவர் உடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கிங் கலங்களை அனுப்புமுன் 110 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சுட்டுத் தூய்மை செய்தார்கள். மனிதனை அப்படிச் சுட முடியுமா? 1967-இல் உருவான விண்வெளி ஒப்பந்தம், பிற கிரகங்களைக் கேடுதரும் வகையில் மாசுபடுத்தக் கூடாது என்கிறது. இந்தியாவும் அதில் ஒப்பமிட்ட நாடு. மனிதர் குடியேறிய பிறகு அங்கே ஒரு நுண்ணுயிர் கிடைத்தால், அது செவ்வாயில் பிறந்ததா, நம்மோடு கப்பலேறி வந்ததா என்று எப்படிச் சொல்வது?

திருவக்கரைப் பூங்காவுக்கு வேலி எதற்கு என்று இப்போது புரியும். ஒரு கல்மரத் துண்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனால், அலமாரியில் அது அழகான கல். அது எந்த மணல் அடுக்கில், எந்தத் திசையை நோக்கிக் கிடந்தது என்ற செய்தியோ அங்கேயே அழிந்துபோயிருக்கும். வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை அந்தக் கிடையிலிருந்துதான் படிக்க முடியும். பெர்சிவரன்ஸ் ஒவ்வொரு மாதிரியையும் எடுக்குமுன் சுற்றிலும் படம் பிடித்துக் குறித்து வைப்பதும் இதனால்தான். ஜெசரோ போன்ற இடங்களையாவது படித்து முடிக்கும்வரை மனிதர் மிதிக்காமல் விடுவது நல்லது. அவசரமாகக் குடியேற வேண்டும் என்று துடிக்கும் பணக்காரர்களுக்கு இது பிடிக்காது.

செவ்வாயை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் 2027 பிப்ரவரி 19-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று அது சூரியனுக்கு நேர் எதிரே, பூமியிலிருந்து சுமார் 10 கோடி கிலோமீட்டரில் இருக்கும். சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும்பி இரவு முழுவதும் தெரியும். இருட்டிய பின் கிழக்கு வானில் சிம்ம ராசியில் மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாள்களாகையால் நிலாவும் அருகிலேயே இருக்கும். மகம் நீலவெண்மையாக மினுக்கும். செவ்வாய் மினுக்காமல், நம் செம்மண் நிறத்தில் நிற்கும்.